சிவப்புக் கட்டடமும் ஒரு பெயரும்: சென்னை சட்டக் கல்லூரியின் வரலாறு



தூத்துக்குடியில் நடக்கும் நினைவுச் சொற்பொழிவில் சென்னையிலுள்ள ஒரு கட்டடத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். பதில் எளிமையானது. 1974இல் மதுரையில் அரசு சட்டக் கல்லூரி வரும்வரை, இந்தக் கடற்கரையிலிருந்து சட்டம் படிக்கப் போனவர்கள் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தின் மூலையில் இருக்கும் அந்தச் சிவப்புக் கட்டடத்துக்குத்தான் போனார்கள். 1996இல் திருநெல்வேலியில் கல்லூரி வந்த பிறகும், முத்துநகர் விரைவு ரயிலில் பெட்டியோடு ஏறி அங்கே படிக்கப் போன நம் பிள்ளைகள் உண்டு. அந்தக் கட்டடத்தின் வாசலில் எழுதப்பட்டிருந்த பெயர் டாக்டர் அம்பேத்கர். இன்று அங்கே கல்லூரி இல்லை. கட்டடம் நிற்கிறது, மாணவர்கள் இல்லை.

கட்டடக் கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாகக் கோபுரத்தையும் வளைவையும் பற்றிப் பேசுவார்கள். நாமும் பேசுவோம். ஆனால் ஒரு கட்டடத்தைப் பார்த்து நாம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு மூன்று. அது யாருடைய இடத்தின் மேல் நிற்கிறது? அதன் வாசல் யாருக்குத் திறந்தது? அதிலிருந்து யார், எந்தக் காரணம் சொல்லி வெளியேற்றப்பட்டார்கள்? சட்டக் கல்லூரியின் வரலாறு இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் வைத்திருக்கிறது.

கல்லறைத் தோட்டம்

செயின்ட் ஜார்ஜ் கோட்டை 1640இல் கட்டத் தொடங்கப்பட்டபோது, கோட்டைக்குள் இருந்தது வெள்ளையர் நகரம். அதற்கு வடக்கே இருந்தது கருப்பர் நகரம். இன்று உயர் நீதிமன்றமும் சட்டக் கல்லூரிக் கட்டடமும் நிற்கும் நிலம் அந்தப் பழைய கருப்பர் நகரமும் அதையொட்டிய ஆங்கிலேயர் இடுகாடும்தான். கொய்யாத் தோட்டம் என்று அந்த இடுகாட்டுக்குப் பெயர்.

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1749இல் திரும்பக் கொடுத்தார்கள். கோட்டைக்கு மிக அருகில் வீடுகள் இருந்தால் எதிரி மறைந்துகொள்ள வசதியாகிவிடும் என்று பாடம் கற்றுக்கொண்ட கும்பினி, கருப்பர் நகரத்தின் தெருக்களை இடித்துத் தரைமட்டமாக்கியது. அங்கிருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் 1757இல் இடிக்கப்பட்டது. அந்தக் கோயிலுக்கு மாற்று இடம் கிடைத்தது, இன்று பூக்கடைப் பகுதியில் இருக்கிறது. 1758 டிசம்பரில் லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை மறுபடி முற்றுகையிட்டபோது, இடுகாட்டின் உயரமான கல்லறைகளையே அரணாக்கிக்கொண்டு சுட்டது. முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர்கள் தங்கள் சொந்தக் கல்லறைகளையும் அகற்றினார்கள். கல்வெட்டுப் பலகைகளைப் பெயர்த்துக் கோட்டைக்குள் புனித மேரி தேவாலயத்தைச் சுற்றிப் பதித்தார்கள். அந்தக் கற்களை இன்றும் பார்க்கலாம்.

1773இல் கோட்டையைச் சுற்றி 13 எல்லைக் கற்கள் நடப்பட்டன. அவற்றுக்கும் கோட்டைக்கும் இடைப்பட்ட நிலத்தில் இனி யாரும் வீடு கட்டக் கூடாது என்பது உத்தரவு. பாரிமுனையில் ஒரு வணிகக் கட்டடத்தின் மூலையில் அந்தக் கற்களில் ஒன்று இன்றும் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேல் திறந்தவெளியாகக் கிடந்த இந்த நிலத்தில்தான் பிறகு நீதிமன்றமும் சட்டக் கல்லூரியும் எழுந்தன. சட்டத்தின் கட்டடம் எழும் முன்பே, யார் எங்கே வசிக்கலாம் என்ற சட்டம் அந்த மண்ணில் எழுதப்பட்டுவிட்டது.

அந்த நகரத்தில் நம்மவர்கள் எங்கே இருந்தார்கள்? 18ஆம் நூற்றாண்டுச் சென்னையின் ஆவணங்களில் பெரிய பறச்சேரி என்ற பெயர் வருகிறது. கோட்டைக்கு வெளியே கருப்பர் நகரம், அதற்கும் வெளியே சேரி. ஊரும் சேரியும் என்ற பிரிவு கிராமத்துக்கு மட்டும் உரியதல்ல. கும்பினியின் நகரமும் அந்த வரைபடத்தை அப்படியே எடுத்துக்கொண்டது.

எஞ்சி நின்ற ஒரு கூம்புக்கல்

கல்லறைகள் அகற்றப்பட்டபோது இரண்டு மட்டும் விட்டுவைக்கப்பட்டன. ஒன்று பவ்னி குடும்பத்தின் கல்லறை. மற்றொன்று கூம்பு வடிவில் உயர்ந்து நிற்கும் நினைவுச் சின்னம். 1680இல் இறந்த ஜோசப் ஹின்மர்ஸ் என்ற கும்பினி அதிகாரியும், 1688இல் இறந்த டேவிட் யேல் என்ற சிறுவனும் அங்கே புதைக்கப்பட்டவர்கள். டேவிட்டின் தந்தை எலிஹு யேல். ஹின்மர்ஸின் விதவையான கேத்தரினை மணந்தவர், 1687 முதல் 1692 வரை சென்னையின் ஆளுநர். 1718இல் இவர் அமெரிக்காவுக்கு அனுப்பிய புத்தகங்களும் சரக்குப் பொதிகளும்தான் ஒரு சிறு கல்லூரிக்கு இவர் பெயரை வாங்கிக் கொடுத்தன. சரக்கு விற்று வந்த பணம் ஏறத்தாழ 562 பவுண்டு. இன்று அது யேல் பல்கலைக்கழகம். அதன் சட்டப் பள்ளி உலகின் பெயர்பெற்ற சட்டப் பள்ளிகளில் ஒன்று.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். நாம் இன்னும் ஓர் அடி போக வேண்டும். யேலின் காலத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டை அடிமை வணிகத்தின் துறைமுகமாகவும் இருந்தது. ஐரோப்பா போகும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்ற வேண்டும் என்று ஆணையிட்ட கோட்டைக் கவுன்சில் கூட்டத்தில் அவர் இருந்தார். 2024இல் யேல் பல்கலைக்கழகம் அடிமை முறையோடு தன் முன்னோடிகளுக்கு இருந்த தொடர்புக்காக முறைப்படி மன்னிப்புக் கேட்டது.

இந்த வணிகம் நம் கடற்கரைக்குப் புதிதல்ல. 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக் கும்பினி முத்தும் சங்கும் துணியும் மட்டும் வாங்கவில்லை. 1673 முதல் 1677 வரை மழை பொய்த்து, போரும் வரியும் சேர்ந்து குடிகளை நசுக்கிய ஐந்தாண்டுகளில் மட்டும் மதுரைக் கடற்கரையிலிருந்து, அதாவது நம்முடைய இந்தக் கரையிலிருந்து, 1,839 பேரை அடிமைகளாக ஏற்றிச் சென்றதாக டச்சுப் பதிவுகள் சொல்கின்றன. பஞ்சத்தில் விற்கப்பட்டவர்களில் பல சாதியினரும் இருந்தார்கள். ஆனால் பஞ்சம் இல்லாத காலத்திலும் நிலத்தோடு சேர்த்து விற்கப்படவும் அடகு வைக்கப்படவும் கூடியவர்களாக இருந்தவர்கள் பள்ளரும் பறையரும்தான். 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் வரும்வரை அந்த விற்பனைப் பத்திரங்களை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டன.

அந்தக் கூம்புக்கல் இன்று பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம். அங்கே உறங்கும் குழந்தை மீது நமக்கு வருத்தம் எதுவும் இல்லை. நான்கு வயதில் இறந்த பிள்ளை அது. கல்லுக்கும் பெயருக்கும் சட்டம் கொடுக்கும் பாதுகாப்பு எப்படி ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பதைத்தான் நாம் பார்க்கிறோம். கப்பலேறிய 1,839 பேரில் ஒருவருக்குக்கூட இந்தக் கரையில் ஒரு கல் கிடையாது.

சிவப்புச் செங்கல், இரட்டைக் கோபுரம்

சட்டக் கல்லூரி 1891இல் தொடங்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தின் இன்றைய கட்டடம் 1892 ஜூலையில் திறக்கப்பட்டது. அதன் பக்கத்திலேயே கல்லூரிக்கென்று தனிக் கட்டடம் எழுப்பும் பணி நடந்து 1899இல் முடிந்தது. வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். சிம்லாவில் வைஸ்ராய் மாளிகையைக் கட்டிய பிறகு சென்னைக்கு வந்தவர். பின்னர் மைசூர் அரண்மனையையும் வடிவமைத்தவர். ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டி.

இந்தக் கட்டடத்தின் பாணியை இந்தோ-சாரசெனிக் என்பார்கள். சாரசென் என்பது ஐரோப்பியர்கள் முஸ்லிம்களைக் குறிக்கப் பழங்காலத்தில் பயன்படுத்திய சொல். மசூதியின் மினார், முகலாயக் குவிமாடம், கூர்வளைவு, கோயில் தூணின் வேலைப்பாடு ஆகியவற்றை எடுத்து, உள்ளே ஐரோப்பிய முறை அறைகளோடு பொருத்துவது இந்தப் பாணி. சென்னையில் இதற்கு வழி போட்டவர் ராபர்ட் சிஷோம். பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபம் அவர் கட்டியது. அவருக்குப் பின் வந்த இர்வின் இதை உச்சத்துக்குக் கொண்டுபோனார்.

தூத்துக்குடியில் இருப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு சொன்னால் விளங்கும். பனிமய மாதா ஆலயத்தைப் பாருங்கள். அது போர்ச்சுகீசிய மரபை மறைக்கவில்லை, தான் எங்கிருந்து வந்தது என்பதை வெளிப்படையாகச் சொல்கிறது. டச்சுக்காரர்கள் 1750இல் கட்டிய தேவாலயமும் அப்படியே. இந்தோ-சாரசெனிக் வேறு வகை. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு கும்பினியிடமிருந்து ஆட்சியை எடுத்துக்கொண்ட பிரிட்டிஷ் அரசு, தன்னை வந்தேறி ஆட்சியாகக் காட்டிக்கொள்ள விரும்பவில்லை. முகலாயருக்கும் நாயக்கருக்கும் அடுத்த வாரிசு நாங்கள்தான் என்று சொல்ல ஆசைப்பட்டது. அதைச் சொல்வதற்குக் கட்டடத்தைவிட நல்ல மொழி ஏது? அருங்காட்சியகம், நீதிமன்றம், சட்டக் கல்லூரி என்று பொதுமக்கள் வந்துபோகும் இடங்களெல்லாம் சிவப்புச் செங்கல்லும் குவிமாடமுமாக எழுந்தன.

சட்டக் கல்லூரியின் முகப்பில் வானோக்கி மெலிந்து உயரும் இரண்டு கோபுரங்கள்தான் முதலில் கண்ணில் படும். அவற்றுக்கிடையே வளைவுகள் வரிசையாக அமைந்த தாழ்வாரங்கள். வெயிலை வெளியே நிறுத்தி, கடற்காற்றை உள்ளே விடும் ஏற்பாடு அது. தடித்த செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, உயர்ந்த கூரை எல்லாம் சேர்ந்து, மின்விசிறி இல்லாத காலத்திலும் நூறு பேர் உட்கார்ந்து பாடம் கேட்கக்கூடிய அறைகளைக் கொடுத்தன. அழகான கட்டடம்தான். அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அழகைப் பற்றிய பதிவுகளில் தங்கிய பெயர்களைக் கவனியுங்கள். வடிவமைத்தவர் பெயர் இருக்கிறது, ஒப்பந்தக்காரர் பெயர் இருக்கிறது. சூளையில் செங்கல் அறுத்தவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள், தலையில் கூடை சுமந்து சாரமேறிய பெண்கள் ஆகியோரின் பெயர் ஒன்றுகூட நம் கைக்கு வரவில்லை. நம் நாட்டில் இந்த வேலைகளை எந்தச் சாதிகள் செய்தன, இன்றும் செய்கின்றன என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1891: அடுத்தடுத்த இரண்டு உலகங்கள்

கல்லூரி தொடங்கிய 1891ஆம் ஆண்டை நாம் வேறொரு காரணத்துக்காகவும் நினைவில் வைத்திருக்கிறோம். அதே ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். அதே ஆண்டு டிசம்பரில் நீலகிரியில் அயோத்திதாசப் பண்டிதர் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதியதும் அதே ஆண்டில். அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் போராடிக்கொண்டிருக்கும் நிலத்தின் பிறப்பு அங்கேதான். உயர் நீதிமன்றக் கட்டடம் திறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

ஆக, ஒரு பக்கம் ஒடுக்கப்பட்டவர்கள் மனுவும் பத்திரிகையும் சபையுமாகச் சட்டத்தின் மொழியில் பேசத் தொடங்கிய ஆண்டுகள். இன்னொரு பக்கம் சட்டத்தைக் கற்பிக்கும் கட்டடம் எழுந்த ஆண்டுகள். இந்த இரண்டும் ஒன்றையொன்று உடனே சந்தித்துவிடவில்லை. ஏன்?

பி.எல். பட்டத்துக்குச் சேர வேண்டுமானால் முதலில் பி.ஏ. முடித்திருக்க வேண்டும். எல்லாம் ஆங்கிலத்தில். பள்ளிக்கூட வாசலிலேயே நிறுத்தப்பட்ட ஒரு சமூகத்துக்கு அந்தப் படிக்கட்டு எவ்வளவு உயரம் என்று எண்ணிப் பாருங்கள். உயர் நீதிமன்றத்தில் வாதாடும் வக்கீலாக வேண்டுமானால் பட்டம் வேண்டும். கீழ்க் கோர்ட்டுகளில் வாதாடும் பிளீடருக்குத் தனித் தேர்வு. ஒட்டப்பிடாரம் வ.உ.சிதம்பரம் பிள்ளை அந்தப் பிளீடர் தேர்வு எழுதித்தான் தொழிலுக்கு வந்தார். 1908இல் திருநெல்வேலியில் அவருக்கு விதிக்கப்பட்ட இரட்டை ஆயுள் தண்டனை மேல்முறையீட்டுக்குப் போனது அந்தச் சிவப்புக் கட்டடத்தின் பக்கத்திலிருக்கும் உயர் நீதிமன்றத்துக்கு. தண்டனை குறைந்தது, ஆனால் வக்கீல் சன்னது பறிபோனது. வெள்ளாளரான, வசதியான குடும்பத்தில் பிறந்த ஒரு பிளீடருக்கே சட்டம் இப்படி என்றால், மற்றவர்கள் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் அங்கே கற்பிக்கப்பட்ட சட்டம் எது என்பதையும் பார்க்க வேண்டும். இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் கழுகுமலையில் 1895இல் நாடார்களின் ஊர்வலத்தையொட்டிக் கலவரம் வெடித்தது. இரண்டாண்டு கழித்துக் கமுதியில் நாடார்கள் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்தார்கள். இராமநாதபுரம் அரசர் வழக்குத் தொடுத்தார். 1899இல் மதுரை நீதிமன்றம், பிறகு சென்னை உயர் நீதிமன்றம், கடைசியாக 1908இல் லண்டனில் பிரிவி கவுன்சில் என்று எல்லா மட்டத்திலும் நாடார்கள் தோற்றார்கள். வழக்கம் என்ற ஒற்றைச் சொல்தான் தீர்ப்பின் அடித்தளம். நீண்ட காலமாக உள்ளே விடவில்லை, எனவே உள்ளே விட வேண்டியதில்லை. சாணார் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு இந்தத் தீர்ப்பு என்றால், அவர்களுக்கும் கீழே நிறுத்தப்பட்ட பள்ளருக்கும் பறையருக்கும் சக்கிலியருக்கும் நீதிமன்றம் என்ன சொல்லியிருக்கும்? முதல் வழக்கின் தீர்ப்பு வந்த ஆண்டும் கல்லூரிக் கட்டடம் முடிந்த ஆண்டும் ஒன்றே. தீண்டாமை அன்று குற்றமல்ல, அது சொத்துரிமைபோல் பாதுகாக்கப்பட்ட வழக்கம்.

உள்ளே வந்தவர்கள்

அந்த நிலையை மாற்றியவர்களில் சிலர் அந்தக் கட்டடத்துக்குள் இருந்தே வந்தார்கள். ந.சிவராஜ் அங்கே சட்டம் படித்தார், பிறகு அங்கேயே பேராசிரியராகச் சட்டம் கற்பித்தார். பட்டியல் சாதியினருக்குக் கதவு திறக்காத ஒரு நாட்டில், ஆதிக்க சாதிப் பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்ல வேண்டிய ஆசிரியராக ஒரு தலித் அந்த வகுப்பறையில் நின்றார். 1942இல் அண்ணல் அம்பேத்கர் தொடங்கிய அகில இந்தியப் பட்டியல் சாதிகள் கூட்டமைப்பின் தலைவரும், 1945இல் சென்னை மேயரும், பின்னர் இந்தியக் குடியரசுக் கட்சியின் முதல் தலைவரும் இவரே.

பெண்களுக்கு வழக்கறிஞர் தொழில் திறந்தது 1923ஆம் ஆண்டுச் சட்டத்தால். சென்னையில் சட்டப் பட்டம் பெற்ற முதல் பெண்ணான ஆனந்தபாய் 1928இல் தேறினார். 1973இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியான ஏ.வரதராஜன், 1980இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன முதல் தலித் நீதிபதி. குடியரசு பிறந்து முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

சட்டமும் மாறிக்கொண்டிருந்தது. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் பொதுச் சாலை, பொதுக் கிணறு எல்லாருக்கும் உரியவை என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். 1938இல் எம்.சி.ராஜாவின் முயற்சியால் சமூகத் தடைகளை நீக்கும் சட்டம் வந்தது. 1950இல் அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். வழக்கம் என்ற சொல்லை வைத்து நம்மை வெளியே நிறுத்திய சட்டம், அதே வழக்கத்தைக் குற்றம் என்று சொல்லும் சட்டமாக மாற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

1990இல், அண்ணலின் நூற்றாண்டையொட்டி, கல்லூரிக்கு டாக்டர் அம்பேத்கர் பெயர் சூட்டப்பட்டது. இது பொருத்தமான பெயர். அவர் வழக்கறிஞர் மட்டுமல்ல, 1935இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தவர், சட்டக் கல்வியை எப்படிச் சீர்திருத்துவது என்று எழுதியவர். வழக்கத்தின் பெயரால் தீர்ப்புச் சொன்ன நீதிமன்றத்தின் பக்கத்துக் கட்டடம், வழக்கத்தை உடைத்த மனிதரின் பெயரைத் தாங்கி நின்றது.

பெயரை விட்டுவிட்ட சுவரொட்டி

எல்லாரும் அந்தப் பெயரை ஏற்றுக்கொள்ளவில்லை. 2008இல் தேவர் ஜெயந்தியையொட்டி மாணவர்களில் ஒரு பிரிவினர் அச்சிட்ட சுவரொட்டியில் கல்லூரியின் பெயர் இருந்தது, அம்பேத்கர் பெயர் இல்லை. அதையொட்டிப் பகை முற்றி, நவம்பர் 12 அன்று கல்லூரி வாசலில் மாணவர்கள் ஒருவரையொருவர் கொடூரமாகத் தாக்கிக்கொண்டார்கள். காவலர்கள் வாசலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்ததைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. யார் யாரை அடித்தார் என்பதைக் காட்டிய கேமரா, ஏன் அடித்தார் என்பதைக் காட்டவில்லை. வன்முறையை நாம் நியாயப்படுத்த வேண்டியதில்லை. படிக்க வந்த பிள்ளைகளின் உடம்பில் விழுந்த அடி, எந்தப் பக்கத்தில் விழுந்தாலும், நமக்குத் தோல்விதான். ஆனால் ஒரு பெயரை அழிப்பது அச்சுப் பிழை அல்ல, அது ஒரு அரசியல் செயல் என்பதைச் சொல்லாமல் அந்த நாளைப் பேச முடியாது.

அரசு ஓய்வுபெற்ற நீதிபதி பி.சண்முகம் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. ஆணையம் என்றால் என்னவென்று தென்மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். 1995இல் கொடியன்குளத்தில் காவல்துறை வீடு வீடாகப் புகுந்து சூறையாடியபோது ஆணையம். 1999இல் தாமிரபரணியில் 17 உயிர்கள் போனபோது ஆணையம். 2018இல் இதே தூத்துக்குடியில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது ஆணையம். சட்டக் கல்லூரி ஆணையத்தின் பரிந்துரைகளில் அரசு இறுகப் பற்றிக்கொண்டது ஒன்றைத்தான்: கல்லூரியை அந்த இடத்திலிருந்து மாற்ற வேண்டும்.

இடமாற்றம்

மெட்ரோ ரயில் சுரங்கப் பணியால் கட்டடத்தில் விரிசல் விட்டது என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. 2015இல் மாணவர்கள் சாலைக்கு வந்து போராடினார்கள், தடியடியும் வாங்கினார்கள். 2018இல் கல்லூரி இரண்டாகப் பிரிக்கப்பட்டு வெளியேறியது. ஒரு பாதி திருவள்ளூருக்கு அப்பால், திருப்பதி நெடுஞ்சாலையில் பட்டரைபெரும்புதூருக்கு. மறுபாதி கேளம்பாக்கத்தை அடுத்த புதுப்பாக்கத்துக்கு. பழைய கட்டடம் உயர் நீதிமன்றத்தின் பயன்பாட்டுக்கென ஒப்படைக்கப்பட்டது.

புதிய வளாகங்களில் புதிய வகுப்பறைகள் இருக்கின்றன. இடம் விசாலம். அப்படியிருக்க நாம் எதை இழந்தோம்?

இடத்தை இழந்தோம். பழைய கட்டடத்திலிருந்து உயர் நீதிமன்றத்துக்கு நடந்து போகலாம். காலையில் வகுப்பு முடித்த மாணவர் மதியம் நீதிமன்ற அறையின் பின்வரிசையில் நின்று வாதம் கேட்கலாம். வழக்கறிஞர்களின் அலுவலகங்கள் நிறைந்த தம்புச் செட்டித் தெருவும் லிங்கிச் செட்டித் தெருவும் சாலைக்கு அந்தப் பக்கம். மாலையில் ஒரு சீனியரிடம் கட்டு தூக்கி, நகல் எடுத்து, வேலை கற்றுக்கொண்டே மாதச் செலவுக்கும் கொஞ்சம் சம்பாதிக்கலாம். கோட்டை, கடற்கரை ரயில் நிலையங்களும் பாரிமுனைப் பேருந்தும் கைக்கெட்டும் தூரம். சைதாப்பேட்டை எம்.சி.ராஜா விடுதியிலிருந்து மின்சார ரயிலில் வந்துவிடலாம்.

அப்பா வக்கீலாக, மாமா நீதிபதியாக இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இந்த அருகாமை தேவையில்லை. அவனுக்கு நீதிமன்றம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. முதல் தலைமுறையாகச் சட்டம் படிக்க வரும் தலித் மாணவனுக்கும் மாணவிக்கும் அந்த நடைதூரம்தான் சொத்து. தொழிலின் மொழி, உடை, நடை, யாரிடம் எப்படிப் பேசுவது என்பதெல்லாம் பாடப் புத்தகத்தில் இல்லை. நீதிமன்றத் தாழ்வாரத்தில்தான் இருக்கிறது. ஐம்பது கிலோமீட்டர் தள்ளி வைத்தால் அந்தப் பாடம் யாருக்குக் கிடைக்காமல் போகும் என்பது வெளிப்படை.

சாதி மோதல் நடந்தது என்பதற்காகச் சாதியைக் கேள்வி கேட்காமல் கல்லூரியை இடம் மாற்றுவது, நம் ஊர்களில் நாம் நன்கு அறிந்த தீர்வுதான். பொதுப் பாதையில் தகராறு வந்தால் சேரிக்குத் தனிப் பாதை. சுடுகாட்டில் தகராறு வந்தால் தனிச் சுடுகாடு. தேநீர்க் கடையில் தகராறு வந்தால் தனி டம்ளர். அமைதி என்ற பெயரில் நம்மைத் தள்ளிவைப்பதே தீர்வாகிறது. 1773இல் நட்ட எல்லைக் கல்லின் தர்க்கமும் இதுதான்: பாதுகாப்பு வேண்டுமா, ஆட்களை அப்புறப்படுத்து.

பெயர் எங்கே நிற்க வேண்டும்

2023 ஜூலையில் இன்னொன்று நடந்தது. தமிழ்நாடு, புதுச்சேரி நீதிமன்ற வளாகங்களில் காந்தி, திருவள்ளுவர் சிலைகளும் படங்களும் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது என்ற உயர் நீதிமன்றச் சுற்றறிக்கை வெளியானது. அரசியலமைப்பை வரைந்த குழுவின் தலைவரின் படத்தை, அந்த அரசியலமைப்பின்படி நடக்கும் நீதிமன்றத்திலிருந்து எடுப்பதா என்று தமிழகமெங்கும் வழக்கறிஞர்கள் எழுந்தார்கள். அம்பேத்கர் படங்கள் அகற்றப்பட மாட்டா என்று அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று. எதிர்ப்பு இருந்ததால் படம் இருக்கிறது. இது எல்லாரும் மனதில் வைக்க வேண்டிய பாடம்.

அதனால் நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. பழைய கட்டடத்தில் எந்த நீதிமன்றம் நடந்தாலும், 1899 முதல் 2018 வரை அங்கே ஒரு சட்டக் கல்லூரி இருந்தது, அது அம்பேத்கர் பெயரைத் தாங்கியிருந்தது என்ற செய்தி முகப்பில் கல்லில் பொறிக்கப்பட வேண்டும். யேல் குடும்பத்தின் கல்லுக்கு இருக்கும் பாதுகாப்பு அந்தப் பெயருக்கும் வேண்டும். அங்கே பாடம் நடத்திய சிவராஜின் படம் அங்கே இருக்க வேண்டும். அந்தக் கட்டடத்தின் ஒரு பகுதியாவது மாணவர் நூலகமாகவும், மாதிரி நீதிமன்றமாகவும், ஏழைகளுக்கான சட்ட உதவி மையமாகவும் மாணவர்களுக்குத் திரும்ப வேண்டும். புதிய வளாகங்களிலிருந்து நீதிமன்றத்துக்குப் பேருந்தும், நீதிமன்றத்துக்கு அருகில் விடுதியும், முதல் தலைமுறை வழக்கறிஞர்களுக்குத் தொழில் தொடங்கும் ஆண்டுகளில் உதவித்தொகையும் வேண்டும்.

இங்கே இருக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018 மே மாதத்தில் இந்த ஊரில் பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தேடிப் போனவர்கள் வழக்கறிஞர்கள். உங்கள் கண்ணாலேயே பார்த்தீர்கள். கொடியன்குளத்துக்கும் தாமிரபரணிக்கும் ஆணையங்களின் அறிக்கை போதவில்லை, அந்த அறிக்கையைப் படித்து, மறுத்து, மேல்முறையீடு எழுதும் ஆட்கள் வேண்டும். அவர்கள் நம் தெருக்களிலிருந்து வர வேண்டும். எந்த வளாகத்தில் படித்தாலும், எவ்வளவு தூரத்தில் வைத்தாலும், படித்து முடித்த பின் நீதிமன்றத்தின் அந்தச் சிவப்பு வளைவுக்குக் கீழே கருப்பு அங்கியோடு நுழையுங்கள். அதைக் கட்ட மண் சுமந்தவர்கள் நம் பாட்டிகள். அது நமக்கும் உரிய வாசல்.